பினாங்குல அவுக்காத முடிச்சு

நம்ம பக்கம் ரயிலே வராத காலம். தொண்டிக்குத் தெக்க வெங்கலங்குடியில அங்கம்மா, அங்கம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். ஆத்தா இல்லாத தம்பி சோணைய இடுப்புல சொமந்து வளத்தவ. அந்தத் தம்பி வளந்து ஆளாகி, கப்பலேறிப் பினாங்குத் தோட்டத்துக்குப் போயிட்டான்.

ஆறு வருசங் கழிச்சுக் கடுதாசி வருது. "அக்கா, காச்சல் விடமாட்டேங்குது. வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக. வந்து கூட்டிட்டுப் போ." அம்புட்டுத்தான்.

இருந்த வயல வித்தா. கரைமேலம்மன் கோயிலுக்குப் போனா. பதினஞ்சு ரூபாய மஞ்சத் துணியில முடிஞ்சா. "ஆத்தா, எந்தம்பி உசுரோட ஊரு மண்ண மிதிக்கணும். மிதிச்ச அன்னைக்கு இது உன் உண்டியல்ல விழுகும்"னா. முடிச்ச இடுப்புல சொருகிக்கிட்டா. நேந்துக்கிட்ட காச அப்படித்தான் கூடவே வச்சிருப்பாகளாம்.

நாகப்பட்டணத்துல கப்பலேறுனா. கடல் கடந்து போனா, போனா, போயிக்கிட்டே இருந்தா. பினாங்குல எறங்குனா நம்ம ரூபா செல்லாது, அங்க வெள்ளிதான். துறைமுகத்து வாசல்லயே ஒருத்தன் பொட்டிய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். "வாங்கம்மா, இங்கயே மாத்திக்கங்க"ங்கறான். நம்ம பாசையில பேசுறானேன்னு இவளும் இடுப்பு முடிச்சத் தவிர மொத்தத்தையும் நீட்டிட்டா. இன்னொரு கடையில ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா? கேக்கல. பாவி பாதிக்குப் பாதி முழுங்கிட்டான்.

தம்பியக் கண்டுபிடிச்சா. எலும்புந் தோலுமாக் கெடந்தான். கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு டிக்கெட்டு ஆபீசுக்கு வந்தா. டிக்கெட்டு எழுதுற கிராணி எண்ணிப் பாத்தாரு. "ரெண்டு டிக்கெட்டுக்கு அஞ்சு வெள்ளி கொறையுது தாயி. கப்பல் சாயங்காலம். இத விட்டா ரெண்டு வாரம்"னாரு.

சோணை அக்கா இடுப்பப் பாத்தான். "அக்கா, அது என்ன முடிச்சு?"

"அது ஆத்தா காசுடா. தொடப்படாது."

"மாத்துனா அஞ்சு வெள்ளி தேறும், குடுத்துரு அக்கா. ஊருக்கு வந்து ஒழைச்சு வச்சுர்றேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதடா! ஆத்தா கோவிச்சுக்கிட்டா உன்னையத் தூக்கிட்டுப் போயிருவாடா!"

அதுக்குமேல அவன் கேக்கல. அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டான். அத நெனச்சாத்தான் எனக்கு நெஞ்சு ஆறமாட்டேங்குது.

கப்பல் போயிருச்சு. அஞ்சு வெள்ளிக்காக அவ ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் தேச்சா. தேச்சா, தேச்சா, ஒம்பது நாள் தேச்சா. பத்தாம் நாள் காலையில கஞ்சி கொண்டுபோயி எழுப்புனா. சோணை எந்திரிக்கல.

அங்கயே மண்ணத் தள்ளிட்டு, ஒத்த டிக்கெட்டு எடுத்துத் திரும்புனா. வீட்டுக்குப் போகல. நேரா அம்மன் முன்னால போயி நின்னா. இடுப்புல இருந்த முடிச்ச எடுத்தா.

"உசுரோட கொண்டாந்தாத்தானே உனக்குன்னேன்? நீ கொண்டாரலையே. அப்ப இது உன் காசு இல்லையே, ஆத்தா! எங்காசுதானே! எங்காசுன்னு அன்னைக்கு இந்தப் பாதகத்திக்குத் தெரியலையே!"

முடிச்ச அவுத்து வாசல்ல எறைச்சா. பூசாரி ஓடியாந்தாரு, ஊரே ஓடியாந்துச்சு. பூசாரி உண்டியலப் பேத்து எடுத்துக் கெணத்துல போட்டாராம்.

இன்னைக்கும் கரைமேலம்மனுக்கு உண்டியல் கெடையாது. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போறவுக வழிச்செலவுக் காச அம்மன் காலடியில வப்பாக. பூசாரி ஒரு பைசா தொடமாட்டாரு. அப்படியே எடுத்துக் கையில குடுத்து, "இது யாரு காசு?"ன்னு மூணு தடவ கேப்பாரு.

"எங்காசு"ன்னு மூணு தடவையும் சொல்லணும். முணுமுணுக்கப்படாது. அங்கம்மா காதுல விழுகுற மாதிரி சொல்லணும்.