நீலத்தாள் வானம்

காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கையால் கிழித்தால்தான் ஓரத்தில் வெள்ளையாய் நார் எழும்பும்; ஒட்டினால் அதுவே நுரையாகும், மேகமாகும். முப்பது வருடமாக இப்படிக் கிழித்து ஒட்டிப் படம் செய்வதுதான் பிழைப்பு. முட்டை அட்டை, சிமென்ட் பை, சாக்குத் துணி, எதையும் நான் விட்டுவைத்ததில்லை.

அக்கா என்னோடுதான் இருந்தாள். காது அறவே போய்விட்டது, கையும் நடுங்கும். போனில் பேச வழியில்லாததால், வெளிநாட்டில் வேலை பார்த்த அவளுடைய ஒரே மகள் கடிதம் எழுதுவாள். அக்கா சொல்லச் சொல்ல நான் பதில் எழுதுவேன்.

மகள் எழுதுவது மெல்லிய நீலத்தாளில். அந்த நீலத்துக்காகக் கடைகடையாக நாயாய் அலைந்திருக்கிறேன், கிடைத்ததில்லை. ஒரு கடிதத்தை அக்காவிடம் கேட்டே பார்த்தேன்.

"ஐயோ, பிள்ளை எழுதினதுடி, கிழிச்சுடாத" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நான் கேட்கவில்லை. தபால்காரரிடம் வாசலிலேயே வாங்கிக்கொண்டேன்.

"லெட்டர் வந்துச்சா?" தினமும் இதே கேள்வி. காது கேளாதவளிடம் பொய் சொல்ல வாய்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

"அவ என்ன மறந்துட்டா போல" என்று ஒருநாள் அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. மகளோ, "லீவு கிடைச்சிருக்கு, வரட்டுமாம்மா?" என்று எழுதியிருந்தாள். வேண்டாம், வீணாக அலையாதே என்று அக்கா பெயரில் பதில் போட்டேன். எனக்கும் உடம்பில் தெம்பில்லை. வந்தால் யார் சமைத்துப் போடுவது?

எழுத்துள்ள பக்கத்தை உள்ளே வைத்துத்தான் படத்தில் வானத்தை ஒட்டினேன். படத்தைக் கேட்டு வந்தவர், தூசி படியும், வார்னிஷ் அடியுங்கள் என்று நச்சரித்தார். வார்னிஷ் குடித்தால் மெல்லிய தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? அசதி, மறந்துபோயிற்று. மறுநாள் வானம் முழுக்க எழுத்து, இடவலம் மாறி.

அந்த வாரமே மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"சித்தி, அம்மா எங்க?"

"முதல்ல உக்காந்து தண்ணி குடிம்மா" என்றேன். அவள் உட்காரவில்லை. சுவரில் இருந்த படத்தில் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அக்காவை நான் கொல்லவில்லை. டாக்டர் சான்றிதழ் இருக்கிறது. செத்து ஏழு மாதமாகியும் மகளுக்கு ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? அக்கா போன அன்று வானத்தில் இன்னும் ஒரு முழம் பாக்கியிருந்தது. சொல்லியிருந்தால் கடிதம் நின்றிருக்கும். அதனால், "நான் நல்லா இருக்கேன் கண்ணு, இன்னும் கொஞ்சம் நீளமா எழுது" என்று அக்காவாகவே எழுதிவந்தேன். நல்ல பெண். பக்கம் பக்கமாக எழுதினாள்.