குவிமாடம் முழுதாகத் தெரியும் இடம்

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்து மூன்று. மேற்படி முகவரியில் கணவரோடும் கணவரின் தம்பியோடும் வசித்து வந்தேன். வீட்டின் முன்பகுதியில் சைக்கிள் பழுதுபார்த்து வாடகைக்கு விடும் கடை நடத்துகிறேன். நேற்று இறந்துபோன என் கணவர் கட்டிட வரைபடம் வரைபவர். இவ்வழக்கில் காவலில் இருக்கும் சலவை வேன் ஓட்டுநரை நேற்றுக் காலைக்கு முன் நான் பார்த்ததில்லை. அவரோடு எங்களுக்கு முன்பகை எதுவும் கிடையாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேரைச் சைக்கிளில் அழைத்துச் சென்று நகரத்தின் பழைய கட்டிடங்களைக் காட்ட நானும் கணவரும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். எந்தக் கட்டிடம் என்பது அவர் பொறுப்பு. எந்தத் தெரு, எங்கே நிற்பது என்பது என் பொறுப்பு. இதில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை. அவருக்குக் கட்டிடம் நன்றாகத் தெரிய வேண்டும், எனக்குப் பதினைந்து சைக்கிள் நிற்க இடம் வேண்டும். ரயில் நிலைய மணிக்கூண்டைக் குறுக்குச் சந்து வழியாகப் போய்த் திடீரென்று காட்ட வேண்டும் என்றார். அந்தச் சந்தில் கருங்கல் பாவியிருப்பதால் மணிக்கூண்டைப் பார்ப்பதற்குள் பாதிப் பேர் பல்லை உடைத்துக்கொள்வார்கள் என்றேன். "உன்கிட்ட விட்டா ஊரையே தார் ரோட்டுல சுத்திக் காட்டி வீட்டுக்கு அனுப்பிடுவ" என்றார். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்தச் சந்தில் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று முடிவானது.

அதன் பிறகு நேற்றுக் காலை வழியைச் சரிபார்ப்பதற்காக நாங்கள் மூவரும் சைக்கிளில் புறப்பட்டோம். கணவர் முன்னால் போவார், நான் கடைசியில் வருவேன். கூட்டத்தில் கத்தினால் கேட்காது என்பதால் எங்களுக்குள் கைச்சைகை வைத்திருந்தோம். உள்ளங்கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். கையைத் தாழ்த்தி வீசினால் கிட்டே வர வேண்டும். இதையெல்லாம் அவர் திரும்பிப் பார்க்காமலே செய்வார்.

நூலகக் கட்டிடத்தின் முன் இறங்கினோம். கொழுந்தனார் உள்ளே போக அனுமதி கேட்க வாயிலுக்குப் போனார். அந்தக் கட்டிடத்தின் குவிமாடத்தை நடைபாதையிலிருந்து பார்த்தால் கைப்பிடிச் சுவர் மறைக்கிறது, எதிர்ப்பக்கம் போனால் மரங்கள் மறைக்கின்றன. எங்கே நின்றால் முழுதாகத் தெரிகிறது என்று பார்ப்பதற்காக என் கணவர் தலையை அண்ணாந்தபடி பின்னுக்கு நடந்து சாலையில் இறங்கினார். நான் மூன்று சைக்கிள்களையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். "ரோட்டுல இறங்காதீங்க" என்றேன். "இன்னும் ரெண்டே அடிம்மா" என்றார்.

அப்போது சலவை வேன் வந்தது. வேகமாக வரவில்லை. ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பினார், பிறகு ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். என் கணவர் குவிமாடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையைத் தாழ்த்தி வீசினார். வேன் அவருக்குப் பின்புறமாக நகர்ந்தது. அதே நேரத்தில் அவர் மேலும் ஓர் அடி பின்னால் வைத்தார். வேனின் பக்கக் கண்ணாடி தலையில் பட்டு விழுந்தார்.

ஓட்டுநர்தான் அவரைத் தூக்கினார். வேனில் துவைத்து மடித்த விரிப்புகள் இருந்தன, அவற்றைக் கலைத்து விரித்துப் படுக்க வைத்தார். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே என் கணவர் இறந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார்.

வேன் ஒலி எழுப்பாமல் தாறுமாறாக வந்ததாகக் கொழுந்தனார் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அவர் வாயிலில் சாலைக்கு முதுகு காட்டி நின்றிருந்தார், சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார். நேற்று மாலை என்னிடம், "அண்ணி, நீங்க ஒண்ணும் பாக்கலன்னு சொல்லுங்க, போதும். அண்ணனே போயிட்டாரு, அவன் மட்டும் வீட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டு அழுதார். அவர் பொய் பேசுகிறவர் அல்ல. யார் மீதாவது கோபப்படாமல் அவரால் நேற்று நிற்க முடியவில்லை. எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தால் ஆறுதலாகத்தான் இருக்கும்.

ஓட்டுநர் மீது புகார் உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்கிறேன். இதனால் வீட்டில் எனக்கும் கொழுந்தனாருக்கும் பேச்சு நின்றுபோகும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

மருத்துவமனை வராந்தாவில் அந்த ஓட்டுநர் என்னிடம், "போன்னுதானேம்மா கை காட்டினாரு?" என்று பலமுறை கேட்டார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். என் கணவர் கை காட்டியது உண்மை. அது எங்கள் சைகை; குவிமாடம் முழுதாகத் தெரிகிறது, வந்து பார் என்று என்னைக் கூப்பிட்டார். பூட்டிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

மேலே உள்ளவை நான் கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையும். எழுதியதை வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் மனைவி