கறுப்புத் திராட்சை, மூன்று வேளை

எனக்குத் திராட்சை பிடிக்காது. கொட்டை பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும் சார். ஆனால் திராட்சையில் தொடங்கினால்தான் எனக்கு வரிசையாகச் சொல்ல வரும்.

என் பெயர் எழிலரசன். தண்டலத்தில் கல்லூரி, மூன்றாம் ஆண்டு. வீடு மண்ணூரில். கீழே நாங்கள், மாடியில் இரண்டு அறைகளில் ஆறு பேர் வாடகைக்கு. எல்லோரும் தெற்கத்திக்காரர்கள், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. மூன்று பேர் ஷிப்டுக்குக் கிளம்பினால், திரும்பி வந்த மூன்று பேர் அதே பாயில் படுப்பார்கள். அந்தப் பாய்கள் சூடு ஆறி நான் பார்த்ததில்லை.

பொழுதுபோக்குக்கு இன்ஸ்டாவில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். கெமிஸ்ட்ரி லேப் கோட்டை மாட்டிக்கொண்டு ‘டாக்டர் கனிராஜ்’ என்ற பெயரில் பழ வைத்தியம் சொல்வேன். சிரிக்காமல் சொல்வதுதான் அதில் விஷயம். மழை விட்டதும் சுற்றுவட்டாரமெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு. வயிற்று வைரஸ் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வீடியோ போட்டேன்: “வைரஸுக்கு ஊதா நிறம் ஆகாது. கறுப்புத் திராட்சைச் சாறு, மூன்று வேளை. வேறு மருந்து வேண்டாம். தாராளமாக ஷிப்டுக்குப் போகலாம்.”

கடைசி வரிதான் அதைத் தூக்கிக்கொண்டு போனது. லீவு போட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களிடம் ஷிப்டுக்குப் போகலாம் என்று வேறு எந்த டாக்டரும் சொல்வதில்லை. கம்பெனி ஹாஸ்டல்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று விடாமல் சுற்றியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இருக்காதா?

அதே வாரம் மாடிக் குழாயில் லேசான நாற்றம். வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் தண்ணீர் ஏறும் தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் செப்டிக் டேங்க் நிரம்பி, வெடிப்பு வழியாகத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லாரியைக் கூப்பிட்டு அள்ளச் சொல் என்று அப்பா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லியாயிற்று என்று நானும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூடியை மூடி, அதன்மேல் பைக்கை நிறுத்தினேன். நிழலான இடம்.

மறுநாள் மாடியில் சுடலைக்கண்ணு படுத்துவிட்டான். ஆறு பேரில் சின்னவன், என்னைவிட ஒரு வயது குறைவு. அவனை ஊரிலிருந்து கூட்டி வந்த கொம்பையா அண்ணன் இறங்கி வந்தார்.

“தம்பி, இவனுக்கு நிக்காமப் போவுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவவா? இல்ல, நீங்க வீடியோவுல சொன்ன சாறே போதுமா?”

“அதே போதும்ணா.”

“சிரிப்புக்குச் சொன்னியளா, நெசமாவே சொன்னியளா? காலேசுல படிக்கிய. ஒங்க பேச்சத்தான் நம்புதேன்.”

இவ்வளவு நாளில் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்தத் தண்ணீர் குடித்தாய் என்று கேட்பார்கள். பிறகு சுகாதாரத் துறையிலிருந்து நீங்கள் வருவீர்கள். பைக்கை நகர்த்தச் சொல்வீர்கள்.

“நெசம்தாண்ணா,” என்றேன்.

பழத்தை நானே வாங்கி வந்தேன். தெருமுக்கில் பழத் தள்ளுவண்டி போட்டிருக்கும் அம்சவல்லி அக்கா, யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். “வூட்ட வுட்டு வந்த புள்ள, பாவம். ஆஸ்பத்திரிக்கு இட்னு போபா. இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற?” என்றபடி ஒரு கொத்து சும்மாவே சேர்த்துப் போட்டார். மாடிக் குழாயில் கழுவினேன். அந்தத் தண்ணீரையே ஊற்றிச் சாற்றை நீட்டினேன். அவர்கள் குடிப்பதும் அதுதான். எங்களுக்குக் குடிக்கக் கேன் தண்ணீர்.

மூன்று வேளையும் என் கையால்தான் கொடுத்தேன். வாந்தி எடுத்தபோது, வைரஸ் வெளியே வருகிறது என்று விளக்கினேன். “தாகமா இருக்குண்ணே,” என்றான். இன்னொரு டம்ளர் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். கொம்பையா அண்ணன் தடுத்தார். வீடியோவின் கடைசி வரியை அவருக்கு நினைவூட்டினேன். கம்பெனி லைனில் விழுந்தபோது உதட்டைச் சுற்றி ஊதாவாக இருந்ததாம். விஷம் குடித்துவிட்டான் என்று சூப்பர்வைசர் பதறினாராம். இதை வைத்து நல்ல வீடியோ பண்ணலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பண்ணவில்லை, எனக்கும் வரைமுறை உண்டு. உடம்பில் நீரே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சாயங்காலம் இறந்துபோனான்.

நீங்கள் முதலில் வந்தபோது, என்ன சாப்பிட்டான் என்று கேட்டீர்கள். திராட்சை என்றேன். எங்கே வாங்கியது என்று கேட்டீர்கள். காட்டினேன். இரண்டிலும் பொய் இல்லை. வண்டியை உங்கள் ஆட்கள் தூக்கியபோது அம்சவல்லி அக்கா கூட்டத்தில் என்னைத் தேடி, “நீதானேபா வாங்கினு போன? நான் அன்னிக்கு இன்னா சொன்னேன், சொல்லு” என்றார். எனக்கு நினைவில்லை என்றேன்.

முந்தாநாள் லாரி வந்து அள்ளியது. தொட்டியையும் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று. இனி நீங்கள் எடுத்துச் சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் வந்து சொல்கிறேன். கொம்பையா அண்ணன்தான் காரணம். ஷிப்டு முடிந்து வருகிறபோதெல்லாம் என் பைக் பக்கத்தில் நின்று, “சாறு பத்தாமப் போச்சோ தம்பி? நான் இன்னும் ரெண்டு வேள குடுக்கச் சொல்லிருக்கணுமோ?” என்று கேட்கிறார். திட்டினால் பதில் சொல்லலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் அலட்சியம் என்று எழுதாதீர்கள். எனக்குப் பொறுப்பு உண்டு. மூடியைத் திறந்து பார்த்த அன்றே, பைக்கை நிறுத்துவதற்கு முன்பே, தொட்டியிலிருந்து கீழே எங்கள் வீட்டுக்கு வரும் வால்வை மட்டும் மூடிவிட்டு, போர்வெல் தண்ணீரை எங்களுக்கு நேராகத் திருப்பிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு வயிற்றுவலி என்றாலும் என்னால் தாங்க முடியாது சார்.