கண்ணை மூடாத ஜெபம்

— வாசல்லயே ஏன்டா நிக்கிற? அம்மாவைப் பொதைச்சு ரெண்டு நாள் கழிச்சு வந்தவனை மேளம் கொட்டி வரவேற்கணுமா? உள்ள வா.

— சேதி நேத்துதான்க்கா கிடைச்சுது. லாரி ஷெட்டுல சொன்னாங்க. லோடைப் பாதி வழியில இறக்கிப் போட்டுட்டு வரேன்.

— நான்தான் ஷெட்டுக்கு ஆள் விட்டேன். உன்கூட போன்ல பேச எனக்கு வாய் வரல. இப்பக்கூட உன் மூஞ்சிக்காகக் கதவைத் திறக்கல. அந்த ஒண்ணுக்காகத்தான் திறந்தேன்.

— எந்த ஒண்ணு?

— தெரியாத மாதிரி கேக்குறான் பாரு. பாப்பா, உன் மாமாவுக்குத் தண்ணி கொண்டா. டேய், அம்மா கட்டில்ல உக்காராத. அங்க மட்டும் வேணாம்.

— இந்தாங்க மாமா. பாட்டி டம்ளர்தான்.

— கட்டட வேலைக்குக் கொண்டு போவாளே, அதுவா? நசுங்கினது நசுங்கினபடியே இருக்கு.

— தூக்கிப் போடுன்னா கேட்டாளா? "சாரத்துல இருந்து விழுந்தும் இன்னும் தண்ணி பிடிக்குதுல்ல, என்னை மாதிரி"ன்னுவா.

— தலையில கலவைச் சட்டி, வாயில ஜெபம். மேஸ்திரி கீழ நின்னு கத்துவார், "மேல இருக்கிறவர்கிட்ட அப்புறம் பேசலாம், மேல கொத்தனார் காத்துக்கிட்டிருக்கான், முதல்ல அவனைக் கவனி!"ன்னு.

— சிரிக்காத. உனக்குச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கு? ...சரி, சிரிச்சுத் தொலை. அவளும்தான் சிரிப்பா.

— என் பரீட்சைக்கும் ஜெபம் பண்ணுவாங்க மாமா. முடிச்சதும், "படிக்காம போனா ஆண்டவர் வந்து எழுதமாட்டார், தெரியும்ல?"னு தலையில ஒரு குட்டு. கண்ணை மட்டும் மூடவே மாட்டாங்க. ஏன்னு போதகரே கேட்டாராம்.

— ஆமா. "கண்ணை மூடினா கால் வைக்கிற பலகை தெரியாதுங்கய்யா. நான் விழுந்தா ஆண்டவர் பார்த்துக்குவார், என் பிள்ளைங்களை யார் பார்ப்பா?"ன்னு கேட்டுட்டா.

— நான் குடிக்கிறதையும் சபை ஜெபத்துல கண்ணைத் திறந்துக்கிட்டேதான்க்கா சொன்னா. பேர் சொல்லி. மைக்குல. தெருவே கேட்டுச்சு.

— அதுக்குத்தான் "இனிமே என் பேரை உன் வாயால சொல்லாத"ன்னு கத்திட்டுப் போனியே. அவ சொல்லலடா. சாகிற வரைக்கும் சொல்லல. விடியக்காலம் உனக்குப் போன் போட்டு ஜெபம் பண்ணும்போதுகூட "இந்தப் பிள்ளையைக் காப்பாத்தும்"னுதான் சொல்வா. கவனிச்சியா?

— ...ம்.

— மூட்டு தேஞ்சு படுக்கையில கிடந்தப்பவும், போன்ல ஒண்ணாம் நம்பரை அழுத்தும்போது மட்டும் விரல் நடுங்காது. இவதான் அதுல உன் நம்பரைப் போட்டுக் கொடுத்தா.

— பாட்டிக்குக் காது மந்தம்ல, அதனால ஸ்பீக்கர்ல போடுவாங்க. நான் அடுப்படியில இருந்து கேப்பேன். கடைசியில நீங்க "ஆமென்மா"ன்னுட்டு வச்சிடுவீங்க மாமா.

— ஒரே வார்த்தை. தூக்கம் கலையாம, கரகரன்னு. அதுக்கே அவ முகம் தெளிஞ்சிடும். நீ பண்ணின மத்த எதையும் நான் மறக்கலடா. அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா உன்னை வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன்.

— தண்ணி போதும்க்கா. அவளைப் பொதைச்ச இடத்தைப் பார்த்துட்டுக் கிளம்புறேன்.

— போலாம். அதுக்கு முன்னாடி அந்தக் கட்டில் பக்கத்துல நின்னு ஒரு தடவை சொல்லிட்டுப் போ.

— என்னத்தை?

— "ஆமென்மா"ன்னு. ரெண்டு நாளா விடியும்போது வீடே செத்துக் கிடக்குது. சொல்லுடா.

— என்னால முடியாதுக்கா.

— இவ்வளவு நாள் சொன்னவன்தானே? இப்ப என்ன வந்துச்சு?

— நான் சொல்லல.

— என்னது?

— கத்திட்டுப் போன அன்னிக்கே சிம்மைக் கழட்டி ஆத்துல போட்டுட்டேன். புது நம்பரை இங்க யாருக்கும் கொடுக்கல. அவ குரலைக் கேட்டு வருஷக்கணக்காச்சு. நீ சொல்லச் சொல்ல, அது நானாவே இருந்துட்டுப் போகட்டும்னு பார்த்தேன். ஆனா அவ கட்டில்கிட்ட நின்னு பொய் சொல்ல முடியலக்கா.

— பொய் சொல்லாதடா.

— இதுலயா பொய் சொல்வேன்?

— அப்போ தினமும் எவனோ ஒருத்தன்கிட்டயா என் அம்மா... ஏமாந்துட்டாளே! கண்ணைத் திறந்துக்கிட்டே ஏமாந்துட்டாளே! எழுந்திரு. போ வெளிய.

— அம்மா, சட்டையை விடுங்க! மாமா விழுந்துடப் போறாரு.

— விழட்டும்! செருப்பைத் தூக்கிக்கிட்டு இறங்கு!

— இறங்கிட்டேன்க்கா. நீ மூச்சு வாங்காத.

— அம்மா, ஒரு நிமிஷம். பாட்டி போனை அன்னிக்கு அணைச்சு வச்சீங்கல்ல, இப்ப ஆன் பண்ணிட்டேன். ஒண்ணை அழுத்துறேன். ஸ்பீக்கர்ல போடுறேன்... மணி அடிக்குது.

— அம்மா! ஏம்மா ரெண்டு நாளா கூப்பிடல? நான் அடிச்சாலும் போன் அணைஞ்சே கிடக்குது. பயந்துட்டேம்மா!

— இந்தக் குரல்தாம்மா! இதேதான்!

— யார்டா நீ? நான் அவங்க பொண்ணு பேசுறேன். அம்மா செத்துட்டாங்க. இத்தனை நாளும் அவங்க பிள்ளை மாதிரி நடிச்சு, கிழவியை ஏமாத்தி...

— செத்துட்டாங்களா... ஐயோ... ஏமாத்தலக்கா. நான் மீன் கிடங்குல ஐஸ் உடைக்கிறவன். இந்த நம்பர் வாங்கின புதுசுல ஒரு நாள் பகல்ல கூப்பிட்டாங்க. ராங் நம்பர்மான்னேன். "தெரியுதுப்பா, என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா? வீட்ல இப்ப யாரும் இல்ல, அதான் கேக்குறேன். விடியக்காலம் கூப்பிடுறேன், உனக்கே ஜெபம் பண்றேன். கடைசியில ஆமென்மான்னு மட்டும் சொல்லு. என் பொண்ணு காதுல விழணும்"னாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன். "நான் போனதுக்கப்புறம் என் பிள்ளை வருவான். இவ வாசல்லயே நிறுத்திடுவா"ன்னாங்க... அக்கா, அவர் வந்தாரா? உள்ள விட்டீங்களா?