தட்டக் கை வராதவர்

தபால் உறையை விரலால் கிழிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் நறுக்கித் திறக்க வேண்டும். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் நான் செய்துவந்த முதல் வேலை அதுதான் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி மட்டும். ஆனால் அடியை விட்டு நுனியை மட்டும் சொன்னால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் போல ஆகிவிடும்.

என் தங்கையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகே உங்கள் எழுத்தர் அம்மாவின் கைபேசி இரண்டு முறை அவள் பாட்டைப் பாடிவிட்டது. வீட்டில் அவளுக்குத் தும்பி என்று பெயர். பாத்திரம் கழுவினாலும் தலை வாரினாலும் வாய்க்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கும் பாட ஆசை உண்டு. ஆலயத்தின் பாடகர் குழுவில் ஒரு மாதம் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள், பிறகு ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கம் புரட்டிக்கொடுக்கச் சொன்னார்கள். நான் நன்றாகவே புரட்டினேன்.

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவரைத்தான் தும்பி கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷர், குடிப்பார். கல்யாணமான முதல் இரண்டு வருடம் வீடு முழுக்கச் சிரிப்பாக இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் அவள் எழுதியதெல்லாம் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் கைதட்டிப் பாடுகிற பாட்டு. ஒன்றும் தேறவில்லை. பிறகு குடி முற்றியது, சண்டை முற்றியது, ஒரு நாள் மாப்பிள்ளை டிரம்ஸைக்கூட எடுக்காமல் போய்விட்டார். தும்பி மூன்று வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான்காம் வாரம் எழுந்து வந்து கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு ஊரெல்லாம் முணுமுணுக்கிற அந்த முதல் பாட்டை ஒரே மூச்சில் எழுதினாள். கேட்டுக்கொண்டிருந்த நான் அழுதேன். அவள் எங்கிருந்து பாடுகிறாள் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அந்தப் பாட்டு வெளிவந்த பிறகு ஜெபம் கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் படித்தால் அவளால் எழுந்து நடமாட முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் எல்லாக் கடிதத்தையும் படிப்பேன். காலையில் காப்பி குடித்ததும் ஏதாவது ஒன்றிலிருந்து ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் கண்ணை மூடி அந்த ஆளுக்காக ஜெபிப்பாள். பிறகு கீபோர்டுக்குப் போவாள். அவள் பாட்டெல்லாம் இப்படிப் பிறந்தவைதான். யார் எழுதியது என்று நான் சொல்லக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

"பேரு வேண்டாம்ணா. கர்த்தருக்குத் தெரியும்ல, அது போதும்," என்பாள்.

மாப்பிள்ளையின் முதல் கடிதம் ஏழாவது வருடம் வந்தது. உறையின் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குடியை விட்டுவிட்டாராம். வேறு ஊரில் மரச்சாமான் கிடங்கில் வேலையாம். மன்னிப்புக் கேட்டிருந்தார். கொடுத்துவிடத்தான் நினைத்தேன், நம்புங்கள். ஆனால் அந்த மாதம் அவளுக்குப் பாட்டே வரவில்லை. பாட்டை வெளியிடுகிறவர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் அந்தக் கடிதத்திலிருந்து ஒரு வரியை மட்டும் வாசித்தேன்: "உன் வாசல்வரை வந்தேன். தட்டக் கை வரவில்லை. திரும்பிவிட்டேன்."

தும்பி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "யாருண்ணா இவரு?"

"பேரு வேண்டாம்னு நீதானேம்மா சொன்ன."

அவள் தலையாட்டினாள். அன்று அவள் ஜெபித்தது மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவள் சட்டப்படிதான் நடந்தேன்.

நான்கு வருடத்தில் ஒன்பது கடிதம் வந்தது. ஒன்பதிலிருந்தும் வரி எடுத்தேன், ஒன்பதும் பாட்டாயின. தினசரி ஜெபத்தில் 'அந்தத் தட்டக் கை வராதவர்' என்று அவருக்கு ஓர் இடமே கொடுத்திருந்தாள். கூடவே இருக்கிற புருஷனுக்காக எந்தப் பெண்டாட்டி இப்படி ஜெபிக்கிறாள்? அதை நினைத்து எனக்கு மனநிறைவுகூட உண்டாகும்.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. பெயரை எடுத்தேன், ஊரை எடுத்தேன், அடையாளம் எல்லாவற்றையும் எடுத்தேன். எழுதியவரும் ரேடியோ கேட்பார் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

கடைசிக் கடிதத்தில், கல்லீரல் போய்விட்டது, டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். வெள்ளம் வந்த பிறகு அணை கட்டிய கதை. "ஒரே ஒரு தடவை உன் குரலைப் பக்கத்தில் கேட்டால் போதும்" என்று முடித்திருந்தார். அந்த வரியில் அவள் எழுதிய பாட்டைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை பதிவு செய்தோம்.

எங்கள் பதிவு அறை வீட்டின் முன்பக்கத்து அறைதான். சுவருக்கு நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கிறேன், ஆனாலும் பெரிய சத்தம் உள்ளே வந்துவிடும். கதவுக்கு மேல் பல்பு எரிந்தால் வீட்டில் ஒரு சத்தம் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜை நிறுத்திவிடுவேன், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிடுவேன். தும்பிக்கு ஒரு பாட்டு ஒரு தடவைதான் உயிரோடு வரும். அடுத்த தடவை அவள் தன்னையே பார்த்துக் காப்பியடிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி வந்துகொண்டிருந்த பாட்டுக்கு நடுவே தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. அந்தப் பாட்டு அன்றைக்குச் செத்ததுதான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்றால் என்ன என்று அன்று தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். வாசல் படியில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அப்போதும் தட்டவில்லை. கண்ணும் முகமும் மஞ்சளாக இருந்தன, சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"மச்சான், தட்டாட்டியும் திறப்பேன்னு பாடியிருக்கா. என் வரி அது. என்னைக் கூப்பிடுறான்னுதான் வந்தேன்," என்றார்.

"அவளுக்கு வேண்டியது அந்த வரிதான் மாப்பிள்ளை. நீங்க இல்ல. எல்லாக் கடுதாசியும் படிச்சா. பதிலும் பாட்டாவே சொல்லிட்டா."

"நல்லா இருக்காளா?"

"ரொம்ப நல்லா இருக்கா."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தவர் அப்படியே சாய்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். கைபேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் உள்ளே வந்தேன்.

தும்பி ஒத்திகையாக ஒரு தடவை பாடிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "வெளியில யாருண்ணா?"

"ஜெபம் கேட்டு வந்தவரும்மா."

"ஐயோ, வெயில்ல நிக்கிறாரா? உள்ள கூப்பிடுங்க."

"பாட்டை முடிச்சுட்டு வாம்மா. காத்திருக்கேன்னு சொன்னாரு."

அவள் கண்ணை மூடி அந்த ஆளுக்காக இரண்டு வார்த்தை ஜெபித்தாள். பிறகு பாடினாள். ஐயா, அந்தக் குரல் வந்துவிட்டது. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பல்பைப் போட்டேன். ஒவ்வொரு பாட்டையும் அவள் தனித்தனிக் குரல் அடுக்குகளாகப் பாடுவாள், எல்லாம் முடிய நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு தடவை வெளியே போய் மாப்பிள்ளையின் வாயை ஈரத்துணியால் துடைத்தேன். மூச்சு இருந்தது. கதவுப் பக்கம் தலையைத் திருப்பி வைத்திருந்தார். அவர் கேட்டதும் அதுதானே, பக்கத்தில் ஒரு தடவை. அதை நான் தடுக்கவில்லை.

சைரன் போடாமல் வரச் சொல்லியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். எனக்கு அது தோன்றவில்லை என்று எழுதினால் பொய்யாகும். தோன்றியது. ஆனால் ஸ்ட்ரெச்சர் வந்தால் அவள் வெளியே வருவாள், முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் மன்னித்துவிடுவாள். அப்புறம் அவரை உள்ளே படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டுவாள், இருக்கிற நாளெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள். சிரித்தால் என்ன பாட்டு வரும் என்று எனக்குத்தான் தெரியும். எனவே காத்திருந்தேன். கடைசி அடுக்கு முடிந்து, அவள் பின்பக்கம் குளிக்கப் போன பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சீக்கிரம் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். சில வாரங்கள் பிழைத்திருப்பார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சில வாரங்களைத்தான் நான் கொடுக்கவில்லை.

மறுநாள் நீங்கள் மாப்பிள்ளையின் போட்டோவோடு வந்தீர்கள். அலமாரியிலிருந்து ஒன்பது கடிதத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்ததும் நீங்கள்தான். ஓரம் நறுக்கின உறைகளை அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை, ரீங்காரம்கூட இல்லை என்று வீட்டில் அவளுக்குக் காவலாக இருக்கும் பெண் போலீஸ் சொன்னார். இனி அவள் பாடவே மாட்டாள் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்கு அவளைத் தெரியாது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்றால் மூன்று வாரம். நான்காம் வாரம் எழுந்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை பதிவைத் தயவுசெய்து சான்றுப் பொருளோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். சுத்தமாக வந்திருக்கிறது, ஒரு சத்தம் இல்லை.

எழுந்ததும் அவளுக்கு ஒரு வரி தேவைப்படும். வாசித்துக் காட்ட நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதனால் இந்த வாக்குமூலத்தில் ஓர் இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்: 'பார்த்தால் மன்னித்துவிடுவாள்.' காலையில், காப்பி குடித்த பிறகு, அதை மட்டும் யாராவது வாசித்துக் காட்டுங்கள். பெயர் சொல்ல வேண்டாம்.