பெரணி வைத்த இடம்

சுதந்திரம் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. காஜா பெராங் நிறுத்தத்தில் நான் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது.

"அந்தச் செடி செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்கா," என்றாள் அவள்.

"எந்தச் செடி?"

"பெரணிதான். பிள்ளையைப் புதைச்சப்ப, பொம்பளைங்க வரக்கூடாதுன்னு என்னை விடல. அடையாளத்துக்கு இருக்கட்டும்னு பைப்படியில இருந்த சின்னப் பெரணியைப் பிடுங்கி வீட்டுக்காரருகிட்ட கொடுத்தேன். மரத்தடி நெழலுக்கு எப்பவும் பச்சையா நிக்கும்ல?"

"கல்லு வச்சா என்ன?"

"பச்சப் பிள்ளைக்கு வைக்கிறது இல்லைன்னு மாமி சொன்னாங்க."

"கல்லுன்னா வச்ச எடத்துல கெடக்கும். செடியைப் போய் நம்புனியேடி."

"மூணு வருசமா கெஞ்சி, இன்னிக்குத்தான் கூட்டிட்டுப் போனாரு. மரத்தடி பூரா பெரணிக்கா. கால் வைக்க எடமில்ல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"உன் வீட்டுக்காரருக்கு எடம் தெரியாதா?"

"இதுன்னாரு. அப்புறம் அதுன்னாரு. அப்புறம் அங்கேயே உக்காந்துட்டாரு. அவரை விட்டுட்டு வந்துட்டேன்."

மூத்தவள் தூக்குச்சட்டியைப் பார்த்தாள். என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்துவிடுவாளோ என்று நான் அசையாமல் இருந்தேன்.

"சட்டியில என்னடி?"

"பாலு. எங்க ஊத்தறதுன்னு தெரியலக்கா."