எந்தத் திரையில் நின்றுவிட்டது?

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, பயிற்சித் துறைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பத்து நாளாக மரத்துப்போய்க் கிடக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நம் தலைமைத் தொழில்நுட்ப எழுத்தாளர், நாம் ‘திங்கட்கிழமை அண்ணன்’ என்று கேலி செய்த பெருந்தகை, மறைந்துவிட்டார். ஏன் அந்தப் பெயர்? இணையவழிப் பயிற்சிப் பாடம் எழுதுகிறவர்களுக்காக அவர் ஒரு பக்கம் நடத்தினார். மாதிரிப் பாடங்கள், குரல் பதிவுக் கருவிகள், கேள்வி அமைக்கும் முறைகள், பார்வையற்றோருக்கும் எட்டும்படி எழுதும் வழிகள் என்று இருநூற்றுப் பதினாறு இணைப்புகள். திங்கள்தோறும் காலையில் அத்தனையையும் தம் கையாலேயே திறந்து பார்ப்பார். அதற்குத்தான் மென்பொருள் இருக்கிறதே என்றேன். “திறக்குதான்னு அது சொல்லும். உள்ள இருக்கிறது புரியுதான்னு யாரு சொல்றது?” என்றார்.

என் முதல் பாடம், செவிலியர்களுக்கு மருந்து செலுத்தும் கருவியைப் பற்றியது. நாற்பது திரைகள். தலைகால் புரியாத பெருமையோடு கொண்டுபோனேன். அவர் படிக்கவே இல்லை. அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்த தம் மனைவியை, நம் அண்ணியை, என் நாற்காலியில் உட்கார வைத்தார். “நீ வாயத் தொறக்கக் கூடாது” என்றார் என்னிடம். மூன்றாம் திரையில் அண்ணி நின்றுவிட்டார். ‘தொடர்க’ பொத்தானைக் கீழே, உருட்டினால்தான் தெரியும் இடத்தில் வைத்திருந்தேன்.

“அண்ணிக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்ல” என்று சீறினேன்.

“பழக்கமிருந்தா பாடம் எதுக்குடா?”

“அப்ப இனிமே என்னையும் ஆபீஸ்ல சேத்துக்கோங்க” என்று சிரித்தார் அண்ணி. அன்று முதல் எந்தப் பாடமாவது அண்ணியைத் தாண்டாமல் வெளியே போயிருக்கிறதா? இல்லை!

அந்தப் பக்கத்தின் அடியில் அவருடைய கைப்பேசி எண் இருக்கிறது. முகம் தெரியாத எழுத்தாளர்கள் எங்கெங்கிருந்தோ கூப்பிடுவார்கள். பெயரைக்கூடக் கேட்கமாட்டார். “எந்தத் திரைல நின்னுடுச்சு, சொல்லுங்க” என்றுதான் தொடங்குவார்.

இன்று திங்கட்கிழமை. காலையில் அவருடைய இடத்தில் உட்கார்ந்து இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருநூற்றுப் பதினாறும் முடிந்தன. அவர் பழக்கிய பழக்கம், கண்ணில் பட்ட எதையும் சோதிக்காமல் விடக் கூடாது. அடியில் இருந்த எண்ணையும் மேசைப் போனில் அழுத்திவிட்டேன். யாருடைய எண் என்று யோசிக்கவே இல்லை. மணி அடித்தது. எடுத்தார்கள்.

“எந்தத் திரைல நின்னுடுச்சு, சொல்லுங்க.”

அண்ணியின் குரல். நான் பேசாமல் வைத்துவிட்டேன்.

அண்ணி, காலையில் பேசாமல் வைத்தவன் நான்தான். பத்து நாளாக, கூப்பிடுகிறவர்களிடம் அவர் போய்விட்டார் என்று சொல்ல மனம் வராமல், அவர் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் மலர்வளையம் வாங்கினோம், படத்துக்குச் சட்டம் போட்டோம். அந்தப் போனை நினைக்கவில்லை.

இந்த மாதக் கடைசியில் பக்கத்தை மூடிவிடலாம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. தலைவர் அவர்களே, மூட வேண்டாம். திங்கட்கிழமை இனி என்னுடையது. பாடங்கள் எப்போதும்போல அண்ணியிடம் வரும். இந்த அவையின் முன்னிலையில் இது என் வாக்கு.

அண்ணி, உங்கள் மடியில் போன் அதிர்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அணைத்துவிடாதீர்கள். யாரோ எங்கோ நடுவில் நின்றுபோய்க் கூப்பிடுகிறார்கள். இதோ, இறங்கி வருகிறேன். இப்படிக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.